ஜி.எஸ்.டி சாலை முதல் அக்கரை வரை... புறநகரின் இன்னொரு வரைபடம்!

விடியற்காலை நாலரை மணிக்கே தாம்பரம் விழித்துவிடும். சரியாகச் சொன்னால், அது தூங்குவதே இல்லை. தென் மாவட்ட ரயில்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கிழக்குப் பக்கம், பாதிப்பேர் மேற்குப் பக்கம் எனப் பிரிந்து போவார்கள். டீக்கடை பாய்லரில் ஆவி பறக்கும். ‘முடிச்சூர், படப்பை, ஸ்ரீபெரும்புதூர்...’ என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவ ஆரம்பித்துவிடுவார்கள்.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி நகரத்தை விட்டு இந்தக் காட்டுக்குக் குடிவந்தது. காசநோயாளிகளுக்கு நல்ல காற்று கிடைக்கும் என்று தேர்ந்தெடுத்த இடம்தான் சானடோரியம். விமானப்படைத் தளம், மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம், சித்த மருத்துவ நிறுவனம், வண்டலூர் உயிரியல் பூங்கா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சென்னையின் தெற்கு வாசலுக்குப் பெருமைப்பட ஏகப்பட்ட விஷயங்கள் இருக்கின்றன.

ஆனால், ‘தாம்பரம் தாண்டி ஒரு மனை பார்த்திருக்கோம்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் வசதி எப்படி, ஸ்கூல் பக்கமா என்று கேட்டுவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்பார்கள். ‘அந்தப் பக்கம் ரவுடிங்க ஜாஸ்தின்னு சொல்றாங்களே?’

லட்சக்கணக்கான குடும்பங்கள் நிம்மதியாக வாழும் ஊர்களைப் பற்றி இப்படிக் கேட்பது நியாயமில்லைதான். இங்கே முப்பது வருடமாக இருந்தும் ஒரு ரவுடியைக்கூட நேரில் பார்க்காதவர்கள் ஏராளம். ஆனாலும் அந்தக் கேள்வி காற்றிலிருந்து வரவில்லை. பத்து, பதினைந்து வருடங்களில் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த சில சம்பவங்கள் இந்தப் பக்கம்தான் நடந்தன. கோயில், குளம், ஏரி, பூங்கா என்று சுற்றிக் காட்டும் வரைபடம் எல்லோரிடமும் உண்டு. அதே சாலைகளின் மேல் ரவுடிகளும் போலீஸாரும் வரைந்துவைத்த இன்னொரு வரைபடமும் இருக்கிறது.

நிலம் என்கிற தங்கச் சுரங்கம்

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். பல்லாவரம், திரிசூலம் மலைகளை உடைத்து ஜல்லியாக்கித்தான் சென்னையின் பல கட்டடங்கள் எழுந்தன. குவாரி இருந்தால் லாரி வரும், லாரி வந்தால் லோடு தகராறு வரும். அடுத்தது மனை. மாடம்பாக்கம், சேலையூர், முடிச்சூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம், ஊரப்பாக்கம் எல்லாம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். வயல் மனையானது. சென்ட் கணக்கில் விற்ற நிலம் சதுர அடிக் கணக்குக்கு மாறியது. தாத்தா காலத்துப் பத்திரம், பாகம் பிரிக்காத சொத்து, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், முள் முளைத்துக் கிடக்கும் காலி மனை... இவை நான்கும் சேர்ந்த இடத்தில் ‘பேசி முடித்துத் தருகிறேன்’ என்று ஒருவர் வந்து நிற்பார். கட்டப் பஞ்சாயத்து பெரும்பாலும் கத்தியோடு தொடங்குவதில்லை. ‘கோர்ட்டுக்குப் போனா இருபது வருஷம் ஆகும் சார், நாம உக்காந்து பேசினா ரெண்டு நாள்’ என்கிற அன்பான வார்த்தையோடுதான் தொடங்குகிறது. அந்த வார்த்தையில் பாதி உண்மையும் இருக்கிறதே, அதுதான் சிக்கல். சிவில் வழக்கு வேகமாக முடியும் ஊரில் கட்டப் பஞ்சாயத்துக்கு என்ன வேலை?

மூன்றாவது, தொழிற்சாலை. படப்பை வழியாக மேற்கே போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். கார் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் வரிசைகட்டி நிற்கும் பகுதி. ஒரு தொழிற்சாலையில் தயாராகும் பொருளைவிட, அது கழித்துப் போடும் இரும்பு, அலுமினியம், அட்டைப்பெட்டிக்குத்தான் வெளியே போட்டி அதிகம். ஸ்கிராப் கான்ட்ராக்ட் யாருக்கு, ஆள் சப்ளை யாருக்கு, தண்ணீர் லாரி யாருடையது என்பதில் கோடிகள் புரளும். இந்தத் தொழில்களை நேர்மையாகச் செய்கிறவர்கள் நிறையப்பேர். ஆனால், இந்தப் பட்டையில் நடந்த கொலைகள் பலவற்றின் பின்னணியில் போலீஸார் சொன்ன காரணங்களில் ‘ஸ்கிராப்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டியிருக்கிறது.

மிச்சம் இருப்பது மாமூல். ‘வழக்கமானது’ என்று பொருள் தரும் அரபுச் சொல், உருது வழியாக வந்து, நம் ஊர்க் கடைவாசலில் கை நீட்டி நிற்கிறது. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் மாஃபியா கும்பல்கள் கடைகளில் வசூலிக்கும் தொகைக்கு ‘பிட்ஸோ’ என்று பெயர். 2004-ல் அங்கே சில இளைஞர்கள் ஊர் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி, பிட்ஸோ கொடுக்க மறுக்கும் கடைகளில் மட்டுமே பொருள் வாங்குவோம் என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார்கள். இங்கே அப்படி ஓர் இயக்கம் இல்லை. ஜி.எஸ்.டி சாலை ஓரத்துத் தள்ளுவண்டிக்காரர் மாமூலைத் தக்காளி விலை, கேஸ் விலையோடு சேர்த்து ஒரு செலவாகவே கணக்குப் போட்டுப் பழகிவிட்டார். புகார் கொடுத்துவிட்டு நாளைக்கும் அதே இடத்தில்தானே வண்டியை நிறுத்த வேண்டும்?

பட்டப்பெயரே பயோடேட்டா

சென்னை ரவுடிகளின் பட்டப்பெயர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். சிலருக்கு ஏரியா முன்னால் ஒட்டிக்கொள்ளும். 2003-ல் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட அயோத்திகுப்பம் வீரமணி, 2024-ல் சுட்டுக் கொல்லப்பட்ட காக்கா தோப்பு பாலாஜி ஆகியோர் அந்த ரகம். சிலருக்குப் பார்த்த தொழிலே பெயராகிவிடும். தாம்பரம் பகுதியைச் சேர்ந்த ‘சீஸிங்’ ராஜா அப்படித்தான்.

சீஸிங் என்றால்? கடனுக்கு வண்டி வாங்கி, தவணை கட்டாமல் விட்டால் நிதி நிறுவனத்தின் சார்பில் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த வேலை. சாவி கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள், சண்டை வரும். அதற்குப் பயப்படாத ஆள் வேண்டும். கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பக் கூடாது என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. ஆனாலும் நெடுஞ்சாலை ஓரங்களில் அந்த வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வியாபாரத்தின் வாசலில்தான் சட்டத்துக்கு வெளியே போகும் ஒரு பாதையும் தொடங்குகிறது என்பதற்கு இந்த ஒரு பெயர் போதும். ராஜாவின் கதை எங்கே முடிந்தது என்பதற்குக் கடற்கரை வரை போக வேண்டும். அதற்கு முன் வேறு சில நிறுத்தங்கள் இருக்கின்றன.

எல்லைக்கோட்டில் ஒரு கண்ணாமூச்சி

வண்டலூரில் நின்று பார்த்தால், ரவுடிகளுக்கு இந்தப் பகுதி ஏன் பிடித்தது என்று பளிச்சென்று தெரியும். ஜி.எஸ்.டி சாலை தெற்கே திண்டிவனம், திருச்சி என்று போகிறது. கிழக்கே கேளம்பாக்கம் சாலை பிடித்தால் ஓ.எம்.ஆர், அதைத் தாண்டினால் ஈ.சி.ஆர். மேற்கே மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை, நகரத்துக்குள்ளேயே நுழையாமல் வடசென்னையின் விளிம்பில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து ஆந்திர எல்லை அதிக தூரமில்லை. ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு நான்கு திசையில் எதில் வேண்டுமானாலும் மறையலாம்.

இன்னொரு வசதி, போலீஸ் எல்லை. சாலையின் இந்தப் பக்கம் சென்னைப் போலீஸ், நாலு தெரு தள்ளினால் காஞ்சிபுரம் மாவட்டப் போலீஸ். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனதும் மூன்றாவதாக ஓர் எல்லையும் சேர்ந்துகொண்டது. ஓரிடத்தில் கொலை, இன்னோரிடத்தில் பதுங்கல், வேறோரிடத்தில் கோர்ட் சரண்டர் என்றால் ஃபைல் கைமாறவே நாளாகும்.

இதைச் சரிசெய்ய அரசு செய்துபார்த்த பரிசோதனைகள் கொஞ்சம் சுவாரஸ்யமானவை. 2008-ல் புறநகருக்கென்று தனி கமிஷனர் அலுவலகம் தொடங்கினார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் அதை மறுபடி சென்னையோடு சேர்த்தார்கள். பத்து வருடம் கழித்து மீண்டும் பிரிப்பதென்று முடிவானது. 2021 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவிக்க, 2022 ஜனவரி 1-ம் தேதி தாம்பரம், ஆவடி கமிஷனர் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. தாம்பரத்தின் முதல் கமிஷனர் எம்.ரவி. தாம்பரம், பள்ளிக்கரணை என்று இரண்டு காவல் மாவட்டங்கள், மொத்தம் 20 காவல் நிலையங்கள். மணிமங்கலம், கூடுவாஞ்சேரி என மாவட்டப் போலீஸாரிடம் இருந்த பகுதிகளும் இதற்குள் வந்தன. தாம்பரம் கமிஷனர் அலுவலகம் தாம்பரத்தில் இல்லை, தற்காலிக இடம் என்று சோழிங்கநல்லூரில் திறந்தார்கள் என்பது ஒரு சின்ன வேடிக்கை. இதற்கு இரண்டு மாதம் முன்புதான் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியே பிறந்திருந்தது.

புது அலுவலகத்தின் ரிப்பன் வெட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம், செங்கல்பட்டு நகரத்தில் ஜனவரி 6-ம் தேதி மாலை, காவல் நிலையத்துக்கு அருகிலேயே நாட்டு வெடிகுண்டு வீசி ஒருவரையும், சிறிது நேரத்தில் இன்னொருவரை வீடு புகுந்தும் கொன்றது ஒரு கும்பல். மறுநாளே சந்தேக நபர்கள் இருவர் போலீஸார் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பிடிக்கப் போனபோது தாக்கினார்கள் என்றது காவல் துறை. ஊர் முழுக்க அன்று பேசிய பேச்சு, எல்லைக்கோட்டைப் புதிதாக வரைந்தால் மட்டும் போதாது என்பதுதான்.

அதிகாலை மூன்றரை மணி

வண்டலூரிலிருந்து தெற்கே ஊரப்பாக்கம் தாண்டினால் கூடுவாஞ்சேரி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பரபரப்பை விட்டு விலகி காரணைப்புதுச்சேரி பக்கம் போனால் அருங்கால் செல்லும் சாலை. இரண்டு பக்கமும் மனைப்பிரிவு விளம்பரப் பலகைகள், இடையிடையே புதர்க்காடு. பகலில் பால் வேனும் பள்ளிக்கூட வேனும் ஓடும் சாதாரணச் சாலைதான்.

2023 ஆகஸ்ட் 1-ம் தேதி அதிகாலை மூன்றரை மணி அளவில் இங்கே வாகனச் சோதனை. வேகமாக வந்த ஒரு கறுப்பு நிற ஸ்கோடா கார், நிறுத்தச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டரை இடிப்பதுபோல வந்து போலீஸ் ஜீப் மீது மோதியது. இறங்கிய நான்கு பேர் ஆயுதங்களோடு பாய்ந்ததில் சப்-இன்ஸ்பெக்டரின் கையில் வெட்டு விழுந்தது. போலீஸார் சுட்டதில் ‘சோட்டா’ வினோத், ரமேஷ் என்ற இருவர் இறந்தார்கள், மற்ற இருவர் தப்பி ஓடினார்கள். இதுவரை சொன்னது போலீஸார் தரப்பு. இறந்தவர்கள் மீது கொலை உட்படப் பல வழக்குகள் நிலுவையில் இருந்தன.

மறுநாள் டீக்கடைகளில் இரண்டு விதமான பேச்சு கேட்டது. ஒன்று, ‘விட்டது சனியன்.’ இன்னொன்று, ‘எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கே?’ இரண்டாவது கேள்வியை நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. என்கவுன்ட்டர் என்றால் வழக்குப் பதிய வேண்டும், வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி-யோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23-ம் தேதி விரிவான வழிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேக் வெட்டிய அரிவாள்

வெளிவட்டச் சாலையில் ஏறி வடக்கே போனால், குன்றத்தூர் தாண்டி பூந்தமல்லிக்கு முன்பாக மலையம்பாக்கம். லாரி ஷெட்டுகளும் குடோன்களும் நிறைந்த ஊர். 2018 பிப்ரவரி 6-ம் தேதிக்கு முன்பு இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அன்று மாலை பள்ளிக்கரணைப் போலீஸார் வழக்கமான வாகனச் சோதனையில் ஒரு ரவுடியைப் பிடித்தார்கள். ‘எங்கே போறே?’ என்று விசாரித்ததில், ‘அண்ணனுக்குப் பிறந்தநாள்’ என்கிற தகவல் வந்தது. அண்ணன் என்றால் ‘தலைவெட்டி’ பினு. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் தேடப்படுகிறவர்கள். தகவல் மேலே போக, சுமார் 50 போலீஸார் தனியார் கார்களில் மப்டியில் கிளம்பினார்கள். போலீஸ் வண்டியைப் பார்த்தால் பறவைகள் பறந்துவிடுமே!

அங்கே லாரி ஷெட்டில் பெரிய அரிவாளால் கேக் வெட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி வளைத்ததில் 70-க்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். பைக்குகள், கார்கள், கத்திகள் குவிந்தன. இருட்டில் சுவர் ஏறிக் குதித்து, வயல்வெளியில் ஓடித் தப்பியவர்களும் உண்டு. அவர்களில் பிறந்தநாள் நாயகரும் ஒருவர். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 13-ம் தேதி அம்பத்தூரில் வந்து சரணடைந்தார். அதன்பின் வெளியான வீடியோவில், தான் அவ்வளவு பெரிய ரவுடி இல்லை, சுகர் பேஷன்ட், மன்னித்துவிடுங்கள் என்கிற ரீதியில் பேசியது தமிழ்நாட்டு மீம்ஸ் உலகத்துக்கே ஒரு வாரத் தீனியானது.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு குண்டுகூட வெடிக்காமல், ஓர் உயிர்கூடப் போகாமல் நடந்த மிகப்பெரிய ரவுடி வேட்டை இது. இதற்குத் தேவைப்பட்டதெல்லாம் பள்ளிக்கரணையில் ஒழுங்காக நடந்த ஒரு வாகனச் சோதனையும், கேட்ட தகவலை அலட்சியப்படுத்தாத ஒரு காவல் நிலையமும்தான்.

சதுப்பு நிலத்திலிருந்து கடல் வரை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் போனால் மேடவாக்கம் தாண்டி இடப்பக்கமும் வலப்பக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் விரியும். பூநாரைகள் வந்து இறங்கும் இடம். அதன் மறுகரையில் பெருங்குடி. 2012 ஜனவரி 23-ம் தேதி பெருங்குடியில் பேங்க் ஆஃப் பரோடா கிளைக்குள் துப்பாக்கியோடு புகுந்தது ஒரு கும்பல். பிப்ரவரி 20-ம் தேதி கீழ்க்கட்டளையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் அதே பாணியில் கொள்ளை. பிப்ரவரி 23-ம் தேதி நள்ளிரவு தாண்டி வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டைப் போலீஸார் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்த ஐந்து பேரும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். எல்லோரும் வட மாநிலத்தவர்கள் என்றது போலீஸ்.

அந்த நள்ளிரவின் பாதிப்பு இன்றுவரை நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. வாடகைக்கு விட்டால் குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு அதற்குப் பிறகுதான் வந்தது. வேலைக்காக வந்த அப்பாவி வட மாநில இளைஞர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டமானதும் அதே சமயத்தில்தான். யாரோ ஐந்து பேரின் கணக்கை, மேஸ்திரி வேலைக்கு வந்த ஆயிரம் பேர் தீர்க்க வேண்டியிருந்தது.

இப்போது கடற்கரை. சோழிங்கநல்லூரிலிருந்து நேராகக் கிழக்கே போனால் ஈ.சி.ஆரில் அக்கரை. வார இறுதியில் காபி ஷாப்புகளும் மீன் உணவகங்களும் நிரம்பி வழியும் இடம். 2024 ஜூலை 5-ம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்ட பின், மூன்றே நாளில் சென்னை கமிஷனர் மாற்றப்பட்டு ஏ.அருண் வந்தார். ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பாடம் நடத்தப்படும் என்று அவர் பேசியது, மனித உரிமை ஆணையம் வரை போனது. ஜூலையில் மாதவரத்தில் திருவேங்கடம், செப்டம்பர் 18-ல் வியாசர்பாடியில் காக்கா தோப்பு பாலாஜி என்று வடசென்னையில் இரண்டு என்கவுன்ட்டர்கள். மூன்றாவது, தெற்கே.

வேளச்சேரியில் மதுபான பார் தொடர்பாக மிரட்டல் விடுத்த வழக்கில், ஆந்திர மாநிலம் கடப்பாவில் பிடிபட்டார் சீஸிங் ராஜா. 30-க்கும் மேற்பட்ட வழக்குகள் உள்ளவர் என்றது போலீஸ். பதுக்கிய ஆயுதத்தை எடுக்க அக்கரைக்கு அழைத்து வந்தபோது துப்பாக்கியால் சுட்டார், பதிலுக்குச் சுட்டதில் இறந்தார் என்பது காவல் துறை தந்த விளக்கம். ஆம்ஸ்ட்ராங் கொலைக்கும் இவருக்கும் தொடர்பில்லை என்றும் போலீஸ் தரப்பிலேயே சொன்னார்கள். நாள், 2024 செப்டம்பர் 23. உச்ச நீதிமன்றத்தின் என்கவுன்ட்டர் வழிமுறைகளுக்கு அன்றுதான் சரியாகப் பத்து வயது.

காகிதத்தில் நடக்கும் போர்

துப்பாக்கிச் சத்தம்தான் டி.வி-யில் வரும். ஆனால், ரவுடிகளுக்கு எதிரான போரில் பெரும்பகுதி காகிதத்தில் நடக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சரித்திரப் பதிவேடு உண்டு. ‘ஏ பிளஸ்’, ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று தரம் பிரித்து, யார் யாரோடு சேர்ந்தார்கள், யாருக்கு யார் பகை என்று எழுதிவைப்பார்கள். இப்போது அதே வேலைக்கு ‘பருந்து’ என்ற செயலியும் வந்திருக்கிறது.

அடுத்தது நன்னடத்தைப் பத்திரம். ஒரு வருடம் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவார்கள். மீறினால் மிச்ச நாளுக்குச் சிறை. நகரங்களில் இந்த அதிகாரம் துணை கமிஷனர்களிடம் இருந்தது. பிடிப்பவரே நீதிபதியாகவும் இருக்க முடியாது என்று சொல்லி, 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கான அரசாணைகளை ரத்து செய்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த ‘குண்டாஸ்’, 1982-ம் வருடத்துச் சட்டம். கமிஷனரோ கலெக்டரோ கையெழுத்துப் போட்டால், ஜாமீன் இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். கேட்பதற்குப் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் ஏராளமான குண்டாஸ் உத்தரவுகள் ரத்தாகின்றன. காரணம் பெரும்பாலும், மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியவில்லை, தமிழில் மொழிபெயர்ப்பு தரவில்லை என்பது மாதிரியான விஷயங்கள். உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த ஆள், மங்கலான ஜெராக்ஸ் காப்பியால் வெளியே வருவதைப் பார்க்கும் ஒரு கான்ஸ்டபிளின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். ஒருவரை விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் அடைத்துவைக்கும்போது அந்தக் காகிதமாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா என்று கேட்கும் நீதிபதியையும் தவறென்று சொல்ல முடியாது.

மகாராஷ்டிராவில் 1999-லேயே திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு என்று ‘மோக்கா’ சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவுதான் நாடு முழுவதுக்குமாக அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆள் கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்பு, கூலிக்குக் கொலை எல்லாம் இதில் அடக்கம். குறைந்தது ஐந்து வருடச் சிறை, ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். உயிர் போயிருந்தால் ஆயுளோ தூக்கோ. ஆனால், பத்து வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் இருந்தால்தான் இந்தப் பிரிவு ஒட்டும். ஆகவே, பழைய வழக்குகளில் ஒழுங்காகக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த காவல் நிலையத்துக்குத்தான் புதுச் சட்டமும் உதவும்.

எழுதாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதுதான் மாவுக்கட்டு! ‘தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது’ என்ற செய்தியும், கட்டுப்போட்ட கையோடு கும்பிடும் போட்டோவும் வாரம் ஒன்று வருகிறது. காவல் நிலையக் கழிவறைகள் கைதிகளுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று 2025-ல் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு செய்து சிரிக்கிறோம். பெயர்க் குழப்பத்தில் தவறான ஆள் மாட்டினால் அந்தக் கட்டு யார் கையில் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பதினெட்டு வயசு

பழைய ரவுடி, தன் படம் வெளியே வராமல் பார்த்துக்கொள்வார். புதிதாக வருகிறவன் ரீல்ஸ் போடுகிறான். பட்டாக்கத்தியோடு பைக்கில் போவது, கேக்கை அரிவாளால் வெட்டுவது, பின்னணியில் மாஸ் பாட்டு. பல வழக்குகளில் போலீஸாருக்கு முதல் தடயமே அந்த வீடியோதான் என்பது வேறு விஷயம். 2021 செப்டம்பரில் அப்போதைய டி.ஜி.பி சைலேந்திர பாபு மாநிலம் முழுக்க நடத்திய தேடுதலில் 3,000-க்கும் அதிகமான ரவுடிகளும் 1,000-க்கும் அதிகமான ஆயுதங்களும் பிடிபட்டன. பெரும்பாலும் கத்திகள். அதன்பின் கத்தி செய்யும் பட்டறைகளிடம், வாங்குகிறவர் பெயர், முகவரியைக் குறித்துவைக்கவும் கேமரா பொருத்தவும் கேட்டுக்கொண்டார்கள். காய்கறிக் கத்தி வாங்கப் போன அம்மாக்கள் முகவரி கேட்டதும் முழித்தார்கள் பாவம்.

கத்தியைப் பிடுங்குவது ஒரு வேலை, பையனைத் திருப்பிக் கொண்டுவருவது இன்னொரு வேலை. சென்னை மாநகரக் காவல் துறை 2022-ல் இதற்காக இரண்டு திட்டங்களைத் தொடங்கியது. முதல் முறையாகக் குற்றம் செய்து சிறைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஜாமீன், பயிற்சி, வேலைக்கு வழிகாட்டும் ‘பறவை’. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ‘சிற்பி’. புறநகரின் விரிந்துகொண்டே போகும் புது நகர்களுக்கு இம்மாதிரி விஷயங்கள்தான் அவசரத் தேவை. அடுக்குமாடிகளும் ஷோரூம்களும் வந்த வேகத்துக்கு விளையாட்டு மைதானங்கள் வரவில்லை என்பதைப் பெருங்களத்தூரிலிருந்து ஊரப்பாக்கம் வரை நடந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

மனை வாங்கியவர்களுக்குச் சில வார்த்தைகள். வாங்கியதோடு விட்டுவிட்டு வெளியூர் போய்விடாதீர்கள். வேலி போட்டு, பெயர்ப் பலகை வையுங்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், உங்களுக்குத் தெரியாமல் பத்திரம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். தகராறு வந்தால் ‘பேசி முடிக்கும்’ அண்ணனைத் தேடாமல் வக்கீலைப் பாருங்கள். நில அபகரிப்புக்கென்று 2011-லிருந்தே காவல் துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்கு 100, 112, ‘காவல் உதவி’ செயலி. வாரக்கணக்கில் ஊருக்குப் போவதாக இருந்தால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, இரவிலும் ஓயாத சாலையாகிவிட்டது வண்டலூர் பகுதி. நள்ளிரவு பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பங்களைக் கூட்டிப் போக, ஊரப்பாக்கத்திலிருந்தும் மண்ணிவாக்கத்திலிருந்தும் டூவீலரில் அப்பாக்களும் அண்ணன்களும் காத்திருப்பார்கள். திரும்பும் வழியில் சாலையின் குறுக்கே பேரிகார்டு, சிவப்பு விளக்கு, கையில் டார்ச்சோடு ஒரு கான்ஸ்டபிள். ‘எங்கேயிருந்து வர்றீங்க? டிக்கியைத் திறங்க.’ உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்காயும் அதிரசமும் இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே கைகாட்டி அனுப்பிவிட்டு, பின்னால் வரும் காரின் கண்ணாடியைத் தட்டப் போவார்.